பெலீசில் ஒரே ஒரு நாள்: எந்த இடிபாடு, எந்தச் சாகசம்?

மத்திய அமெரிக்க நாடான பெலீசுக்கு விடுமுறைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் கடலை நினைத்தே செல்கிறார்கள். சான் பெத்ரோவிலோ கே கால்கர் தீவிலோ நான்கைந்து நாள் தங்கிப் பவளத்திட்டுகளைப் பார்த்துவிட்டு, மிஞ்சுகிற ஒரு நாளில் உள்நாட்டுக் காட்டையும் பழங்கால மாயன் நாகரிகத்தின் இடிபாடுகளையும் சேர்த்துப் பார்த்துவிட முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும், அதற்கென்றே வழிகாட்டியோடு கூடிய ஒருநாள் பயணங்கள் பல விற்கப்படுகின்றன. விளம்பரத் தாளில் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்: காலையில் ஒரு கோபுரம், மதியம் ஒரு குகை, நடுவில் சாப்பாடு. ஆனால் ஒன்றில் நாளின் பெரும்பகுதி வேன் இருக்கையில் கழிகிறது. இன்னொன்றில் கழுத்தளவு நீரில் கழிகிறது. வேறொன்றில் நாள் முழுக்கப் படிக்கட்டு ஏறியே முழங்கால் ஓய்ந்துபோகிறது. பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

பக்கத்து நாடான குவாத்தமாலாவிலுள்ள மாயன் நகரம் டிக்கால் இந்த ஒப்பீட்டில் இல்லை. சான் இக்னாசியோ நகரிலிருந்து அங்கே ஒரே நாளில் போய்வர முடியும் என்றாலும், நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டியிருப்பதால் விசா, முத்திரை, வரிசை என்று வேறொரு கணக்கு அங்கே தொடங்கிவிடுகிறது.

தேர்வைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி, முந்தைய இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான். தீவில் தங்கியிருப்பவர் முதலில் படகேறிப் பெலீஸ் நகரத் துறைக்கு வரவேண்டும். கே கால்கரிலிருந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரம், சான் பெத்ரோவிலிருந்து அதைவிடக் கூடுதல். மாலையில் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால் நாளின் இரு முனைகளும் வெட்டுப்பட்டுவிடுகின்றன. மேற்கே கயோ மாவட்டத்தில் சான் இக்னாசியோவில் தங்குபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. முக்கியமான இடங்களில் பல அங்கிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத் தூரத்திலேயே இருக்கின்றன. இரண்டாவது கேள்வி நீரையும் உயரத்தையும் இருட்டையும் உங்கள் உடல் எந்த அளவுக்குத் தாங்கும் என்பது. மூன்றாவதை முகவர்கள் யாரும் கேட்பதில்லை, நான் மிகவும் பொருட்படுத்துவது அதையே: பயணத்தில் உள்ள சாகசம் மாயர்களின் உலகத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறதா, அல்லது இடிபாட்டோடு வெறுமனே சேர்த்து விற்கப்படுகிறதா?

சேர்த்து விற்கப்படுவதற்குச் சரியான உதாரணம், பெலீஸ் நகரிலிருந்து கப்பல் பயணிகளுக்காக நடத்தப்படும் அல்டுன் ஹா இடிபாடு, ரப்பர் டியூபில் செல்லும் குகை ஆற்று மிதவை, கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைன் என்ற மூன்றடுக்குப் பயணம். அல்டுன் ஹாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1968 இல் டேவிட் பெண்டர்காஸ்ட் தலைமையிலான அகழாய்வில், சூரியக் கடவுள் கினிச் அஹாவின் முகமாகக் கருதப்படும் 4 கிலோவுக்கும் மேல் எடையுள்ள பச்சைக்கல் தலை கிடைத்தது அங்கேதான். அந்நாட்டின் பெலிகின் பியர் புட்டியின் சீட்டில் காணப்படும் கோயிலும் அங்குள்ளதே. ஆனால் அல்டுன் ஹா பெலீஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மிதவைப் பயணம் நடக்கும் கேவ்ஸ் பிராஞ்ச் ஆறோ தென்மேற்கே அதைவிடத் தொலைவில் இருக்கிறது. ஆக, காலையில் ஒரு திசையில் போய்த் திரும்பி, நகரத்தை ஒட்டி மறுபடியும் எதிர்த்திசையில் ஓட வேண்டும். கோயிலில் கிடைப்பது ஏறி இறங்கும் நேரம் மட்டுமே. ஜிப்லைனைப் பொறுத்தவரை, காட்டுக்கும் அதற்கும் உள்ள உறவு கம்பி கட்ட மரம் வேண்டும் என்பதோடு முடிந்துவிடுகிறது. கப்பல் நங்கூரமிட்டிருக்கும் சில மணி நேரமே கைவசம் இருந்தால் அல்டுன் ஹா, மிதவை இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது மேல்.

இதே வகையில் ஒழுங்காக அமைந்த கூட்டு என்றால் அது ஷூனான்டுனிச் இடிபாடும் குகை மிதவையும். இரண்டுமே பெலீஸ் நகரிலிருந்து மேற்கே குவாத்தமாலா எல்லை வரை செல்லும் ஜார்ஜ் பிரைஸ் நெடுஞ்சாலையின் போக்கிலேயே அமைந்திருப்பதால், காலையில் ஒரே வீச்சில் மேற்குக் கோடிக்குப் போய், திரும்பும் வழியில் ஆற்றில் இறங்கிவிட்டு ஊர் சேரலாம்; பாதையில் திரும்ப ஓடும் வீண் தூரம் இல்லை. சான் ஹோசே சுக்கோட்ஸ் கிராமத்தில் மோபான் ஆற்றைக் கடக்க ஒரு தட்டையான இரும்புப் படகு இருக்கிறது. எஞ்சின் கிடையாது, கரையிலிருந்து கரைக்குக் கட்டிய எஃகு வடத்தில் படகு கோக்கப்பட்டிருக்கும், படகோட்டி ஒரு சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது நகரும். இரண்டொரு காரும் அதில் ஏறும், ஆட்களும் ஏறுவார்கள், கட்டணம் இல்லை. அக்கரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் மேட்டுப் பாதை. உச்சியில் எல் காஸ்டியோ என்ற கட்டடம் 40 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஏறி நின்றால் குவாத்தமாலாவின் மலைகள் கண்ணுக்கெதிரே. அதன் கிழக்கு, மேற்குப் பக்கங்களில் காணும் சுதைச் சிற்பப் பட்டை அசலன்று. உள்ளேயிருக்கும் அசலைக் காப்பதற்காக மேலே பொருத்திய கண்ணாடியிழைப் பிரதி. இதைச் சொல்லும் வழிகாட்டியை நம்பலாம்.

மிதவைப் பகுதியில், ஹெல்மெட்டும் நெற்றி விளக்கும் உயிர்காப்பு அங்கியும் தந்து, ரப்பர் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரத்துக்கும் மேல் காட்டுவழியே மேலே நடக்க வைக்கிறார்கள். பிறகு டியூபில் மல்லாந்து படுத்தபடி ஆற்றின் போக்கில் குகைகளுக்குள் மிதந்து வருகிறோம். நோஹோச் சென் என்று பெயரிட்டுத் தொல்லியல் காப்பகமாகவே அறிவிக்கப்பட்ட இடம் அது. அந்தக் குகைகளையும் மாயர்கள் சடங்குகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் மிதந்து போகிறவரின் கண்ணில் அது படாது. கூரையில் தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளும், வௌவால்களும், குளிர்ந்த நீரும், முன்னால் போகும் குழுவின் கூச்சலும்தான் அனுபவம். கப்பல் வரும் நாளில் அந்தக் கூச்சல் பல மடங்காகும் என்பதால், முகவரிடம் அன்று துறைமுகத்தில் எத்தனை கப்பல் என்று கேட்டுவிட்டுத் தேதி குறிப்பது உசிதம். பத்து வயதுப் பிள்ளையும் நடக்கத் தெம்புள்ள பெற்றோரும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு வேறில்லை. நீந்தத் தெரியாதது இங்கே பெரிய தடையன்று.

ஒரு சிறு கணக்கும் உண்டு. சான் இக்னாசியோவில் தங்குபவர் ஷூனான்டுனிச்சுக்கு வழிகாட்டி இல்லாமலே போகலாம். சுக்கோட்ஸ் வரை பேருந்து ஓடுகிறது, படகு இலவசம், அரை நாள் போதும். அப்படியிருக்க, வழிகாட்டிக்குக் கொடுக்கும் பெரிய தொகையை வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாத இடத்துக்கு ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த இடம் ஆக்டூன் துனிச்சில் முக்னால். பெயர் நீளமாக இருப்பதால் எல்லோரும் ஆங்கில முதலெழுத்துகளால் ஏடிஎம் என்றே சொல்கிறார்கள். டேபிர் மலை இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கும் இந்தக் குகையில் 1990களில் தொல்லியலாளர் ஹைமே ஆவே தலைமையிலான குழு ஆய்வு நடத்தியது. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது அதன் பிறகுதான். இதற்கென்று தனி உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே நுழைய முடியும். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் கூடாது. இங்கே இடிபாடு தனி, சாகசம் தனி என்ற பிரிவே இல்லை. பழம்பொருட்கள் இருக்கும் அறையை அடைய வேண்டுமானால் மாயர்கள் சென்ற அதே நீர்வழியில் போயாக வேண்டும். என் மூன்றாவது கேள்விக்கு முழுமையான விடை தரும் பயணம் பெலீசில் இது ஒன்றுதான்.

வாகனத்தை விட்டு இறங்கியபின் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் காட்டில் நடக்க வேண்டும். அதற்குள் ரோரிங் கிரீக் ஆற்றை மூன்று இடத்தில் கடக்கிறோம். குகையின் வாய் உடுக்கைபோல நடுவில் ஒடுங்கியிருக்கும், அதன் அடியில் பச்சை நிறத்தில் ஆழமான மடு. அதில் சில மீட்டர் நீந்தியே உள்ளே போக முடியும். நீந்தத் தெரியாதவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம் நீரோட்டத்துக்கு எதிராக ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். சில இடங்களில் கணுக்கால் அளவு, சில இடங்களில் மார்பளவு. ஓரிடத்தில் இரு பாறை விளிம்புகள் கழுத்துக்கு மட்டும் இடம் விட்டு நெருங்கி நிற்கின்றன. வழிகாட்டி முன்னே போய் நின்று, தோளை நீருக்குள் தாழ்த்து, தாடையை இடப்பக்கம் திருப்பு, இப்போது ஓரடி வை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் கடத்திவிடுகிறார். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் படித்தே முடிவெடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டி ஒருவரே என்பதால், பாதியில் ஒருவர் முடியாது என்று நின்றுவிட்டால் அது குழு முழுவதையும் பாதிக்கும்.

பிறகு ஒரு பெரும்பாறையில் தொற்றி ஏறி, உலர்ந்த மேல் அறைக்கு வருகிறோம். அங்கே காலணிகளைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மட்டுமே நடக்க வேண்டும். தரையெல்லாம் பானைகள், அவற்றுள் பலவற்றை நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு தரையோடு தரையாகப் பிணைத்துவிட்டிருக்கிறது. காலுறையின் ஈரத்தின் வழியே பாறையின் வரப்புகளை உணர்ந்துகொண்டு, நாடா கட்டிக் குறித்த பாதையை விட்டு ஒரு சாணும் விலகாமல் போகும்போது, முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டு பழைமையான பானையின் வாய் இருக்கும். கிட்டத்தட்ட எல்லாப் பானையிலும் வேண்டுமென்றே போட்ட ஓட்டையோ உடைப்போ இருக்கிறது. படையலுக்குப் பின் அதனுள்ளிருக்கும் ஆற்றலை விடுவிக்கும் செயலாக ஆய்வாளர்கள் இதை விளக்குகிறார்கள். கிபி 8, 9 ஆம் நூற்றாண்டுகளில் மழை பொய்த்துப் பெருநகரங்கள் ஆட்டங்கண்ட காலத்தில் மழைக்கடவுள் சாக்கை வேண்டி மக்கள் குகையின் மேலும் மேலும் ஆழமான பகுதிகளுக்குப் படையல் கொண்டுபோனார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். 14 பேரின் எலும்புகள் அங்கே கிடைத்துள்ளன, குழந்தைகள் உட்பட. ஏணியில் ஏறிப் போகும் கடைசிச் சிற்றறையில் கிடக்கும் முழு எலும்புக்கூட்டின் மேல் கால்சைட் என்னும் சுண்ணாம்புப் படிகம் படிந்து மினுங்குகிறது. நெடுங்காலம் அதை இளம்பெண் என்றே சொல்லி வந்தார்கள். பதின்வயதுப் பையனாக இருக்கலாம் என்பது பிந்தைய கருத்து.

கேமரா, கைப்பேசி எதற்கும் அனுமதி இல்லை. 2012 இல் ஒரு பயணி கை தவறவிட்ட கேமரா மண்டையோடு ஒன்றின் மேல் விழுந்து ஓட்டை போட்டதால் வந்த தடை இது. படம் இல்லாத பயணம் பயணமே அல்ல என்று எண்ணுகிறவர்களுக்கு இது இழப்பு. எனக்கு இந்தத் தடையே குகையின் சிறப்புகளில் ஒன்றாகப் படுகிறது, ஏனெனில் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். மனித எலும்புகளைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பதில் தயக்கம் உள்ளவர்கள் அந்தத் தயக்கத்தை மதித்து வேறு பயணத்தைத் தேர்வதில் தவறொன்றும் இல்லை. தீவில் தங்கிக்கொண்டே இந்தக் குகைக்குப் போய்த் திரும்பும் பயணங்களும் விற்கப்படுகின்றன. ஆனால் படகு, வேன், நடை, நீச்சல், மறுபடி நடை, வேன், படகு என்று அடுக்கினால் குகைக்குள் இருக்கும்போதே மனம் கடைசிப் படகை நினைக்கத் தொடங்கிவிடும். முந்தைய இரவைச் சான் இக்னாசியோவில் கழிப்பதே முறை.

குகைக்கு நேர் எதிரான தேர்வு காரகோல். குகை மாயர்களின் அச்சத்தைக் காட்டுகிறது என்றால் இது அவர்களின் ஆட்சியைக் காட்டுகிறது. சிக்கிபுல் காட்டுக்குள் இருக்கும் இந்நகரம் ஏழாம் நூற்றாண்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த இடம் என்று மதிப்பிடப்படுகிறது. இன்றைய பெலீஸ் நகரில்கூட அத்தனை பேர் இல்லை. இங்கே கிடைத்த பலிபீடக் கல்வெட்டு ஒன்று, 562 இல் டிக்கால் நகரம் போரில் வீழ்ந்ததைப் பதிவு செய்திருக்கிறது. கானா எனப்படும் மையக் கட்டடத்தின் உயரம் 43 மீட்டர்; மூச்சிரைக்க ஏறி மேலே போனால் உச்சி என்று நினைத்த இடத்தில் ஒரு முற்றமும், அதைச் சுற்றி மேலும் மூன்று கோயில்களும் நிற்பது பலரையும் திகைக்க வைக்கிறது. ஆர்லன் சேஸ், டயன் சேஸ் தம்பதியர் 1985 முதல் அங்கே அகழாய்வு நடத்தி வருகிறார்கள். நகரின் அரச மரபைத் தொடங்கி வைத்த தே கப் சாக்கின் கல்லறையைக் கண்டெடுத்ததாக அவர்கள் அறிவித்தது 2025 இல்தான். 2009 இல் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளந்தபோது, காட்டுக்கடியில் சாலைகளும் அடுக்கு வயல்களும் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் அளவில் பரந்திருப்பது தெரியவந்தது. பக்கத்தில் ஆறு கிடையாது. மழைநீரைத் தேக்கிய குளங்களை நம்பியே இவ்வளவு பெரிய நகரம் இயங்கியது. ஏரிப்பாசனம் கண்ட ஊர்க்காரர்களுக்கு இது கோபுரங்களைவிட வியப்பாக இருக்கக்கூடும், ஆனால் வழிகாட்டிகள் நாமாகக் கேட்டாலொழியக் குளங்களைக் காட்டுவதில்லை.

காரகோல் பயணத்தின் சாகசப் பகுதி மென்மையானது. திரும்பும் வழியில் ரியோ ஃபிரியோ குகை இருக்கிறது. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் அளவுக்குத் திறந்த, பிரம்மாண்டமான வளைவுள்ள குகை. இருட்டு மிகக் குறைவு. அதன்பின் ரியோ ஆன் ஆற்றில் கருங்கல் பாறைகளுக்கிடையே தேங்கி வழியும் குளங்களில் குளியல். படிக்கட்டு ஏறிய காலுக்கு அந்தத் தண்ணீர் மருந்து. முன்பெல்லாம் மழை பெய்தால் காரகோலுக்குப் போகும் மண்சாலையில் வண்டி சிக்கிக்கொள்வதே சாகசமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் பெரும்பகுதிக்குத் தார் போட்டுவிட்டார்கள், பயண நேரமும் குறைந்துவிட்டது. கூட்டம் மிகக் குறைவு. நகரம் எப்படி இயங்கியது என்று அறிய விரும்புகிறவருக்கும், குகையும் நீரும் ஒத்துவராதவருக்கும் நான் தயங்காமல் சொல்வது காரகோலைத்தான்.

லமனாய் என்னும் மாயன் நகரத்தின் சிறப்பு ஆற்றுப் பயணம். ஆரஞ்சு வாக் அருகே படகேறி நியூ ரிவர் ஆற்றில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போக வேண்டும். கரையோரம் முதலைகள், நாரை வகைகள், இடையில் மென்னோனைட் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழும் ஷிப்யார்ட் குடியேற்றத்தின் வயல்கள். சாகசம் என்று சொன்னால் படகு வளைவில் திரும்பும் வேகம் மட்டும்தான். ஆனால் வயதான அப்பா அம்மாவை அழைத்துவருகிறவர்களுக்கு உட்கார்ந்தபடியே காட்டைப் பார்க்க இதுவே வழி. கோயில்களும் மரநிழலில், ஒன்றுக்கொன்று நடக்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. மற்ற நகரங்கள் கைவிடப்பட்ட பின்னும் இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். 16 ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர் கட்டிய தேவாலயங்களின் சுவர்களும், 19 ஆம் நூற்றாண்டுச் சர்க்கரை ஆலையின் இரும்புச் சக்கரமும் அதே வளாகத்தில் கிடக்கின்றன. பெலீஸ் நகரிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு, மேற்கே போவதைவிட இது அலைச்சல் குறைந்தது.

ஆகவே, நல்ல உடல்நிலையும் இருட்டுக்கு அஞ்சாத மனமும் உள்ளவர், சான் இக்னாசியோவில் ஓர் இரவாவது தங்க முடிந்தால், ஏடிஎம் குகையை விட்டுவிட்டு வேறெதையும் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. ஒரே குழுவில் சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது என்றால் எல்லோரையும் குகைக்குள் இழுப்பதைவிட, ஒரு பகுதியினர் குகைக்கும் மற்றவர்கள் ஷூனான்டுனிச்சுக்கும் போய் மாலையில் கூடுவது நல்லது. இரண்டும் ஒரே ஊரிலிருந்து கிளம்புபவை.

முன்பதிவின்போது பேசித் தெளிய வேண்டியவை சில உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். ஆற்றில் நீர் ஏறினால் ஏடிஎம் குகையையும் மிதவைப் பயணத்தையும் அன்று காலையில்கூட மூடிவிடுவார்கள். அப்போது பணத்தைத் திருப்பித் தருவார்களா, அல்லது வேறு இடத்துக்கு அழைத்துச் செல்வார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் வைத்திருப்பவர் தொடக்கத்திலேயே காரகோலைத் தேர்ந்துவிடலாம். விலை சொல்லும்போது எந்த டாலர் என்று கேட்பதும் அவசியம்; இரண்டு பெலீஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர் என்பது அங்கே நிலையான மாற்று விகிதம், இரண்டையும் வெறும் டாலர் என்றே சொல்வார்கள். குகைக்கும் காரகோலுக்கும் தலைக்கு நூறு அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும் என்று எதிர்பார்க்கலாம். சாப்பாட்டில், தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறும் பயறும்தான் அந்நாட்டின் அன்றாட உணவு. பார்வைக்குச் சைவம்போலத் தெரிந்தாலும் பயற்றில் உப்பிட்ட பன்றிவால் சேர்ப்பது வழக்கம் என்பதால், மரக்கறி மட்டும் உண்பவர்கள் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். குகைக்குப் போகிறவர்கள் கால்விரலை மூடும், நனைந்தாலும் கழலாத காலணியும், தடித்த காலுறையும், வேனில் விட்டுச்செல்ல ஒரு மாற்று உடையும் எடுத்துச் செல்லட்டும். செருப்போடு வந்தவரை வழிகாட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவார்.